பாய்மரப் படகோட்ட ஊர் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

ஜனவரியில் இரண்டு நாள் புதுச்சேரிக்கு வந்து, காந்தி சிலைக்குப் பக்கத்துப் பாறைகளில் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு, "பாய்மரப் படகு ஓட்ட இதைவிட நல்ல ஊர் கிடையாது" என்று வாடகை வீடு தேடக் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும். இந்த ஊர் எனக்கும் உயிர்தான். ஆனால் அவர்கள் முடிவெடுத்த விதம் சரியில்லை. படகை நகர்த்தப்போவது காற்று. அந்தக் காற்றைப் பற்றி அவர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்று சொல்கிறோமே, அந்தக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? மேற்கிலிருந்து. கடலூர், புதுச்சேரிக் கரையைப் பொறுத்தவரை, நிலத்திலிருந்து கடலுக்குள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பல நாள் காலையில் கரையோரத் தண்ணீர் அடங்கித் தெரியும். கரையிலிருந்து புறப்படும் காற்றுக்கு அங்கே அலை எழுப்பத் தூரம் போதாது. புதிதாகப் பழகுகிறவர் அதை நம்பிப் பாயை விரிப்பார். போவது சுலபம். திரும்புவதற்கோ எதிர்க்காற்றில் வலமும் இடமுமாக மடக்கி மடக்கி வரவேண்டும்.

பழகத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, ஒரு ஜூலைக் காலையில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தைத் தாண்டி நானும் அப்படித்தான் போனேன். சிறிது நேரத்தில் வீராம்பட்டினத்துத் தென்னைகள் கோரைப்புல் அளவுக்குச் சிறுத்துவிட்டன. எத்தனை முறை மடக்கினாலும் கரை கிட்டே வரவில்லை. கயிறு இழுத்து உள்ளங்கைத் தோல் உரிந்தது. வலை இழுத்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் படகுக்காரர் கயிறு வீசி என்னைக் கரை சேர்த்தார். "தம்பி, புறப்படும்போது தென்னையைப் பார்த்தாயா? மட்டையெல்லாம் கடல் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படி நின்றால் இந்தச் சின்னப் பாயை எடுக்காதே" என்றார். இன்றுவரை படகைத் தொடுவதற்கு முன்பு நான் தென்னையைத்தான் பார்க்கிறேன்.

இதற்கு நேர்மாறு மார்ச் முதல் மே வரை. நண்பகல் வாக்கில் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று எழும். 8 முதல் 12 நாட் (மணிக்குச் சுமார் 15 முதல் 22 கி.மீ.) வேகத்துக்குள் அடித்தால் பழகுகிறவருக்கு அது போதும். ஏதாவது பிசகினாலும் கரைக்கே கொண்டுவந்து தள்ளும். ஆடியில் மேல்காற்று இந்தக் கடல்காற்றைத் தடுத்து நிறுத்துவதால், அது பிற்பகலில் தாமதமாகத்தான் வரும்; சில நாள் வராமலே போகும். ஆகவே ஓர் ஊரைப் பார்க்கப் போனால் எந்த மாதம், எத்தனை மணிக்குப் போனோம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நாடு முழுவதற்கும் ஒரே பருவம் என்று நினைப்பது. "அக்டோபர் முதல் மார்ச் வரை உகந்த காலம்" என்பது மும்பைக்கும் கோவாவுக்கும் பொருந்தும். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலில் இறங்க முடியாது. நமக்கு அக்டோபர் பிற்பாதி தொடங்கி டிசம்பர் வரை வாடைக்காலம், புயல் காலம். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது 2024 நவம்பர் 30. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிற அந்த வாரங்களில், படகைக் கரையில் எங்கே ஏற்றிக் கட்டுவது என்பதற்குப் பதில் இல்லாத ஊரில் படகு வாங்காதீர்கள்.

கடற்கரை இருந்தால் படகு இறக்கிவிடலாம் என்பதும் பிழை. திறந்த மணற்கரையில் அலை உடைகிற இடத்தைச் சிறு படகால் தாண்டுவது கடினம். வழி முகத்துவாரம்தான். நம் கரையில் மணல் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது, ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் தெற்கிலிருந்து வடக்காக. அதனால் முகத்துவாரங்கள் தூர்ந்துபோகும். ஓதம் இறங்கி நீர் வற்றும் நேரத்தில் மணல் திட்டின்மேல் அலை உடையும். போன ஆண்டு ஆழமாக இருந்த இடம் இந்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. அன்றாடம் அதன் வழியே போய்வருகிற மீனவர்களைக் கேட்பது நல்லது.

கடலுக்குப் பயந்தவர்கள் ஏரிக்குத் திரும்புகிறார்கள். அதிலும் ஏமாற்றம் உண்டு. வீராணத்தின் முழு அளவு 47.50 அடி என்று செய்தித்தாளில் படித்துவிட்டு, அவ்வளவு ஆழமா என்று கேட்டவர் உண்டு. அது நீர்மட்டக் குறியீடு, ஆழம் அல்ல. பரந்து கிடக்கும் அந்த ஏரி ஆழம் குறைந்தது. படகு பக்கவாட்டில் சறுக்காமலிருக்க நடுவில் இறக்கும் பலகை கோடையில் சேற்றில் குத்தி நிற்கும். அதோடு, அது பாசனத்துக்கும் சென்னையின் குடிநீருக்குமான தண்ணீர். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், அதை விட்டுவிடுவோம். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி மலையும் மரமும் நிற்பதால் காற்று திட்டுத் திட்டாகத்தான் இறங்கும். ஐதராபாத் உசேன் சாகரில் காற்றுக்கு அந்தத் தடை இல்லை. நம் மேல்காற்றுக் காலமான ஜூலையில்தான் அங்கே பாய்மரப் போட்டிகள் களைகட்டும். புதுச்சேரியின் சுண்ணாம்பாறு சுக்கான் பிடித்துப் பழக நல்ல இடம், ஆனால் ஒடுக்கம்.

கடைசியாக, கரையில் இருக்கும் மனிதர்கள். சென்னையில் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுகச் சுவர்களுக்குள்ளிருந்து இயங்குகிறது. அலை அடங்கிய தண்ணீரும் கூடப் பயணிப்பவர்களும் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய விஷயம். நீங்கள் பார்க்கப் போகிற ஊரில் மீட்புப் படகு இருக்கிறதா என்று கேட்டால், எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இன்ஜினை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, ஓட்டுபவர் யார், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வருவாரா என்று கேளுங்கள்.