நியூசிலாந்துக் குளிர்காலத்தில் இருவராக வண்டி ஓட்டிப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் குளிர்காலம். வாடகைக்கு ஒரு வண்டி எடுத்து, கணவன் மனைவி இருவர் மட்டும் மலைப்பாதைகளில் சுற்றிவர அருமையான காலம். ஆனால் திட்டம் போடும்போது பெரும்பாலோர் கிலோமீட்டரைப் பார்க்கிறார்களே தவிர, பகல் எவ்வளவு நேரம் என்று பார்ப்பதில்லை. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

குவீன்ஸ்டவுன் ஊரிலிருந்து, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் மில்ஃபோர்ட் சவுண்டுக்கு ஏறக்குறைய 290 கிலோமீட்டர். சாலை நன்றாக இருந்தாலே நான்கு மணி நேரம் ஆகும். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் எழ காலை எட்டரை ஆகிவிடும். மாலை ஐந்துக்கெல்லாம் மறைந்துவிடும். போகவர எட்டு மணி நேரம், நடுவில் படகுச் சவாரி வேறு. ஒரே நாளில் போய்த் திரும்ப நினைத்தால் திரும்பும் வழியில் இருட்டு, உறையத் தொடங்கிய சாலை, களைத்துப்போன ஓட்டுநர். தே அனாவ் ஊரில் ஓர் இரவு தங்கினால் மறுநாள் மீதமிருப்பது 120 கிலோமீட்டர்தான். அந்த ஓர் இரவின் வாடகையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பெட்ரோலைத் தே அனாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் வழியில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. பாதை பனிச்சரிவு விழும் மலைகளின் அடிவாரத்திலேயே ஓடி, 945 மீட்டர் உயரத்தில் ஹோமர் சுரங்கத்துக்குள் நுழைகிறது. ஆபத்து கூடும் நாட்களில் சாலையை மூடிவிட்டு, ஹெலிகாப்டரிலிருந்து வெடி போட்டுப் பனியைச் சரியவைக்கிறார்கள். எனவே நிற்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் படம் எடுக்க வண்டியை நிறுத்துவது பெரிய தவறு. அந்தப் பலகை பனிச்சரிவு விழும் இடத்துக்காகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. சாலை திறந்திருக்கிறதா என்று தினமும் காலையில் நியூசிலாந்துப் போக்குவரத்து முகமையின் தளத்தில் பாருங்கள். மூடியிருந்தால் காத்திருக்க ஒரு நாள் கையிருப்பில் இருக்கட்டும்.

அடுத்தது, பனியில் வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி. சங்கிலி வேண்டும் என்று சாலைப் பலகை சொல்லும் நாட்களில் மில்ஃபோர்ட் பாதையில் சங்கிலி இல்லாமல் போனால் அபராதம் உண்டு. ஆனால் சங்கிலி வைத்திருந்தால் மட்டும் போதாது, மாட்டவும் தெரிய வேண்டும். வண்டி எடுக்கும் இடத்திலேயே, வெளிச்சத்தில், இருவரும் ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். எந்தச் சக்கரங்களுக்கு இன்ஜின் விசை போகிறதோ அவற்றில்தான் மாட்ட வேண்டும். பாதை வழுக்கத் தொடங்கும் முன்பே, சங்கிலி மாட்ட ஒதுக்கிய இடத்தில் ஒதுங்கி மாட்டுங்கள். மாட்டிய பின் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம். குவீன்ஸ்டவுனுக்கும் வானகாவுக்கும் நடுவே ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏறும் கிரவுன் ரேஞ்ச் சாலைக்கு எல்லா வாடகை வண்டிகளுக்கும் அனுமதி இருக்காது. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வெண்பனி கண்ணுக்குத் தெரியும், ஆகவே எல்லோரும் மெதுவாகத்தான் போவார்கள். தெரியாமல் வழுக்குவது, சாலையில் கண்ணாடிபோல் மெல்லியதாக உறைந்திருக்கும் பிளாக் ஐஸ்தான்: தார்ச்சாலை வெறுமனே ஈரமாக இருப்பதுபோல் தோன்றும். தென்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து விழுவதால், மலையின் தென்புறச் சரிவை ஒட்டிய வளைவுகள் நாள் முழுக்க நிழலில் கிடக்கும். நண்பகலிலும் அங்கே பனிப்படலம் உருகாது. பாலங்களும் அப்படித்தான், சாலைக்கு முன்பே உறைந்துவிடும். இந்த இடங்களில் பிரேக்கைத் திடீரென்று மிதிக்காதீர்கள். முன்னதாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர் வேனில் தங்குபவர்கள் குளிருக்குப் பயந்து சமையல் அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. முறையான ஹீட்டர் உள்ள வேனாகக் கேட்டு வாங்குங்கள். டீசல் வண்டி என்றால் மலையோர ஊர்களில் குளிர்காலத்துக்கென்று விற்கும் டீசலை ஊற்றுங்கள். சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல் கெட்டியாகிவிடும்.

நடைபயணத்தில் இருவரின் வேகமும் பயமும் ஒன்றாக இருக்காது. ஒருவர் தயங்க, மற்றவர் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று இழுத்துப்போவது எனக்குக் கவலை தரும் பழக்கம். இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலே திரும்பிவிடுவது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள், மலையில் நின்று வாதாட வேண்டியிருக்காது. மில்ஃபோர்ட் டிராக் போன்ற புகழ்பெற்ற நடைபயணப் பாதையில் குளிர்காலத்தில் சில பாலங்களையே கழற்றிவிடுகிறார்கள். கோடைகால வீடியோவைப் பார்த்து அங்கே இறங்காதீர்கள். பருத்தி உடை நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளாடைக்கு மெரினோ கம்பளிதான் சரி. ஆபத்தில் இடம் காட்டும் பீக்கன் கருவி வாடகைக்குக் கிடைக்கும். சிக்னல் இல்லாத மலையில் அதுதான் உதவிக்கு ஆள் அழைக்கும்.

அப்புறம், வெளியிலிருந்து கிருமியும் பூச்சியும் நுழையாமல் தடுக்கும் விமான நிலையச் சோதனை. பழைய மலையேற்றக் காலணியில் மண் ஒட்டியிருந்தால் கழுவிக் காயவைத்து எடுத்துப்போங்கள், நாட்டுக்குள் நுழையும்போது நிரப்பும் அறிவிப்புப் படிவத்திலும் குறிப்பிடுங்கள். ஊரிலிருந்து கொண்டுபோகும் பொடி, ஊறுகாய், நெய் எல்லாவற்றையும் அறிவித்துவிட வேண்டும். அறிவித்தால் பார்த்துவிட்டுத் தருவார்கள், அல்லது அந்தப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.