விளக்கு வெளிச்சத்தில் இருக்கும் கீரை பாக்கெட்டைப் பார்த்து வாங்குவது எப்படி?

பாக்கெட்டில் அடைத்த கீரை வாங்கும்போது பலரும் முன்வரிசையை விட்டுவிட்டு, உள்ளே கைவிட்டுப் பின்னால் இருப்பதைத்தான் எடுப்பார்கள். தேதியைப் பார்த்து எடுத்தால் சரி, ஆனால் வெளிச்சம் பட்டால் சத்து போய்விடும் என்று பயந்து எடுக்க வேண்டாம்.

பறித்த பிறகும் இலைக்கு உயிர் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் பாக்கெட்டுக்குள்ளேயே ஒளிச்சேர்க்கை நடக்கும். அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் பசலைக்கீரையை 4 டிகிரி செல்சியஸ் குளிரில், கடை விளக்கு மாதிரியான வெளிச்சத்தில் பாதியும் இருட்டில் பாதியுமாக 9 நாள் வரை வைத்துப் பார்த்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். வெளிச்சத்தில் இருந்ததில்தான் வைட்டமின் சி, ஃபோலேட் எல்லாம் அதிகம். ஆனால் அதே வெளிச்சம் இலைத்துளைகளைத் திறந்துவிடுவதால் ஈரம் போய் இலை சீக்கிரம் வாடும்.

சரி, கடைக்குப் போனதும் முதலில் பாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இல்லாவிட்டால் வேண்டாம், ஏனென்றால் குளிர் இல்லாத இடத்தில் கீரை சீக்கிரம் கெட்டுவிடும்.

அடுத்து, முழு இலையா நறுக்கியதா என்று பாருங்கள். முழு இலை என்றால் முன்வரிசையில் இருப்பதையே தாராளமாக எடுக்கலாம். நறுக்கிய லெட்டூஸ் வேறு கதை: ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளியாகும், அது மூடிய பாக்கெட்டுக்குள் ஏற ஏற, வெட்டிய ஓரங்கள் பழுப்பாகிவிடும். அதை மட்டும் வெளிச்சம் படாத இடத்திலிருந்து எடுங்கள்.

அப்புறம் பாக்கெட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள், இதை யாரும் செய்வதில்லை, ஆனால் அழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கரும்பச்சையாக, ஈரமாக, பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு இலை இருந்தாலும் அந்தப் பாக்கெட்டை வைத்துவிடுங்கள். உள்ளே லேசாக நீர் முத்து கோர்த்திருந்தால் பரவாயில்லை, தண்ணீராகத் தேங்கியிருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். கதவை மூடினால் உள்ளே இருட்டு, அதனால் சத்து அதிகமாகாது, நாளாக ஆகக் குறையத்தான் செய்யும். காலாவதித் தேதி தள்ளி இருக்கிறதே என்று காத்திருக்காமல் இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.

இலை கொஞ்சம் துவண்டிருந்தால் தூக்கிப் போட வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் மறுபடி நிமிரும். கொழகொழவென்று ஆகியிருந்தாலோ வாடை வந்தாலோ மட்டும் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.