மர ஃபிரேம் கண்ணாடி: ஆசாரியும் பத்தரும் கூடிச் செய்யும் தவறுகள்

தச்சு வேலை தெரிந்த ஒருவரும் நகை வேலை தெரிந்த ஒருவரும் கூட்டுச் சேர்ந்து மர ஃபிரேமில் மூக்குக் கண்ணாடி செய்யக் கிளம்புவது இப்போது அடிக்கடி நடக்கிறது. நல்ல கூட்டுதான். மரத்தை ஆசாரி பார்த்துக்கொள்வார். கீல், திருகு, மூக்குத் தாங்கி எல்லாம் பத்தர் பாடு. ஆனால் யோசனை கேட்டு வருகிறவர்கள், ஆரம்பத்தில் நாங்கள் விழுந்த அதே குழிகளில்தான் வரிசையாக விழுகிறார்கள். உப்புத்தாள் சரியாகப் போடவில்லை, பாலிஷ் திட்டுத் திட்டாக நிற்கிறது என்பதெல்லாம் கை பழகினால் போய்விடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கண் டாக்டர் சீட்டைப் பார்க்காமல் ஃபிரேமை வரைவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். வேலை எவ்வளவு சுத்தமோ, அவ்வளவு தாமதமாகத்தான் இந்தத் தப்பு வெளியே தெரியும்.

போன மழைக்காலத்தில் இரண்டு பையன்கள் தேக்கில் ஒரு வட்ட ஃபிரேம் கொண்டுவந்தார்கள். ஒருவனுடைய தாய்மாமாவுக்காகச் செய்தது. விளிம்பு வழவழவென்று இருந்தது, கீல் சத்தமில்லாமல் மடங்கியது. லென்ஸ் அகலம் 54 மி.மீ., நடுவில் மூக்கு இடைவெளி 20. மாமாவுக்குப் பவர் மைனஸ் 6. கருவிழிக்குக் கருவிழி தூரம், கடையில் பி.டி. என்பார்களே, அது 60.

லென்ஸ் வெட்டுகிற அண்ணன் சீட்டையும் ஃபிரேமையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, மாமாவுக்குக் கண்ணாடி செஞ்சியா, ஜன்னல் செஞ்சியா?" என்றார்.

கணக்கு இதுதான். 54-ம் 20-ம் 74. ஃபிரேமில் இரண்டு லென்ஸ் நடுப்புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரம் அது. மாமாவின் கண்ணுக்கு வேண்டியது 60. அப்படியானால் ஒவ்வொரு லென்ஸிலும் ஒளி மையத்தை, அதாவது ஒளி வளையாமல் நேரே போகும் புள்ளியை, 7 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ளி வெட்ட வேண்டும். அதற்கு 54 + 14, சேதாரம் 2, ஆக 70 மி.மீ. விட்டமுள்ள பிளாங்க், அதாவது இன்னும் வெட்டாத வட்ட லென்ஸ், தேவை. கடையில் இருந்தது 65. அதில் வெட்டினால் மையம் இரண்டு கண்ணிலும் 2.5 மி.மீ. விலகி நிற்கும். மைனஸ் 6-இல் அது ஒரு கண்ணுக்கு 1.5 பிரிசம் டயாப்டர், ஒளி பக்கவாட்டில் வளைவதை அளக்கும் கணக்கு அது. இரண்டும் சேர்ந்தால் 3. தலைவலி என்று மாமா கழற்றி வைத்துவிடுவார்.

பையன்கள் விடவில்லை, 70 பிளாங்க் வரவழைத்தார்கள். மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லியது, ஓரத்துக்குப் போகப் போகத் தடிக்கும். சாதாரணப் பிளாஸ்டிக்கில் காதுப் பக்க ஓரம் கிட்டத்தட்ட 9 மி.மீ. வந்தது. பின்பக்கம் துருத்திய லென்ஸில் இடித்து, அவ்வளவு அழகாக மடங்கிய சைடு (காதில் மாட்டும் கை) பாதியிலேயே நின்றுவிட்டது. இதே மாமாவுக்கு லென்ஸ் 44, இடைவெளி 18 என்று வரைந்திருந்தால் ஓரம் 5 மி.மீ. சொச்சத்தில் முடிந்திருக்கும், பிளாங்க் பிரச்சினையே வந்திருக்காது.

"மாமாவுக்கு முகம் அகலம்ணா, சின்ன லென்ஸ் எடுபடாது" என்றான் ஒருவன். பத்தர் எதற்காக இருக்கிறார்? லென்ஸையும் இடைவெளியையும் கண்ணின் அளவுக்கு வையுங்கள். முகத்தின் அகலத்தைக் கீல் உட்காரும் மூலைத் துண்டில் வாங்குங்கள். பக்கத்துக்கு ஐந்தாறு மி.மீ. உலோகம் வெளியே நீண்டால் போதும், பார்க்கவும் அழகு. ஆனால் இதை மரம் அறுப்பதற்கு முன்பே இருவரும் பேசியிருக்க வேண்டும்.

இன்னொன்று: டாக்டர் சீட்டில் பி.டி. பெரும்பாலும் இருக்காது. கேட்டு எழுதி வாங்குங்கள்.

நூல் கணக்கில் அளப்பது

ஆசாரி நூலில் சொல்வார், பத்தர் மில்லிமீட்டரில் கேட்டுக்கொள்வார். ஒரு நூல் 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. கதவில் அது கண்ணுக்கே தெரியாது. இங்கே ஒரு நூல் பிசகினால் ஃபிரேம் குப்பைக்கு. இருவருக்கும் ஒரே வரைபடம், மில்லிமீட்டரில்.

லென்ஸை அழுத்தி ஏற்றுவது

அசிடேட் என்கிற பிளாஸ்டிக் ஃபிரேமைச் சூடாக்கினால் இளகும், லென்ஸ் தானாக உள்ளே போய் உட்காரும். மரம் இளகாது. காடிக்குள் லென்ஸை அழுத்தினால் நார் வழியே பிளந்துகொள்ளும். வளையத்தைக் கீலுக்குப் பக்கத்தில் அறுத்து, லென்ஸை வைத்து, திருகு போட்டு மூடுகிற மாதிரி செய்வது நல்லது. அந்தத் திருகு உட்காரும் குழல் பத்தருடைய வேலை. ஆசாரி எல்லாம் இழைத்து முடித்த பிறகு பத்தரிடம் கொண்டுபோனால் அதற்கு இடம் எங்கே இருக்கும்?

ஒரே பலகையில் அறுப்பது

நார் எந்தப் பக்கம் ஓடினாலும், வட்டத்தில் இரண்டு இடத்திலாவது குறுக்கே வந்தே தீரும். அங்கேதான் உடையும். வெனீர் என்கிற மெல்லிய மரத் தகடுகளை நார் மாற்றி மாற்றி ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஈட்டி மரம்

தூள் பட்டாலே சிலருக்கு அரிக்கும். முகத்துக்கு வேண்டாம்.

ஜெர்மன் சில்வர்

அதில் வெள்ளி கிடையாது, நிக்கல் உண்டு. வியர்வை பட்டால் சிலருக்குத் தோல் சிவந்துவிடும்.

சொந்தத் திருகு

பத்தர்கள் விடமாட்டார்கள், திருகாணி மாதிரி தாங்களே கடைந்துவிடுவார்கள். தொலைந்தால் அவரைத் தேடித்தான் ஓட வேண்டும். எந்த ஆப்டிகல்ஸ் கடையிலும் கிடைக்கிற 1.4 மி.மீ. திருகையே வாங்கிப் போடுங்கள்.