சோபாவில் சாம்பார் கொட்டினால்: முதலில் எண்ணெய், பிறகு மஞ்சள்

துணி சோபாவில் சாம்பார் சிந்தினால் விழுவது ஒரு கறை அல்ல, இரண்டு. ஒன்று தாளித்த எண்ணெய், இன்னொன்று மஞ்சள்தூளின் சாயம். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஈரத்துணியால் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் பரவுவது அதனால்தான். அதனால் முதலில் எண்ணெயை எடுங்கள், பிறகு மஞ்சளை; இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

தொடங்குமுன் மெத்தை உறையின் உட்புறம் லேபிள் இருக்கிறதா பாருங்கள். ‘டபிள்யூ’ என்றால் தண்ணீர் படலாம். ‘எஸ்’ அல்லது ‘எக்ஸ்’ என்றால் தண்ணீர் கூடாது. ஆளை வைத்துச் சுத்தம் செய்வதே நல்லது. லேபிளே இல்லாவிட்டால், கீழே சொல்லும் எதையும் சோபாவின் பின்பக்க மூலையில் ஒரு சொட்டு வைத்து, காய்ந்தபின் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

1. பருப்பையும் காயையும் ஸ்பூனால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்தெடுங்கள். பிறகு வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள். பழைய வேட்டித் துண்டு இதற்கு அருமையானது. கலர் துணி வேண்டாம், அதன் சாயமும் சோபாவில் இறங்கிவிடலாம்.

2. கறை மேல் சோள மாவைத் தடிமனாகத் தூவி அரை மணி நேரம் விடுங்கள். மாவு எண்ணெயை இழுத்துக்கொள்ளும். பிரஷால் தட்டி எடுத்துவிடுங்கள்.

3. ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் அரை ஸ்பூன் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றுங்கள். சோப்புக் கட்டியோ துணி சோப்புத் தூளோ வேண்டாம்; அவற்றின் காரத்தன்மை மஞ்சளைச் சிவப்பாக்கிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீர் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதேதான். அப்படிச் சிவந்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். ஒரு கப் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து ஒற்றினால் பழைய மஞ்சளுக்கே திரும்பும். கடைசியில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றியெடுங்கள்.

4. மிச்சமிருக்கும் மஞ்சளுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட். குர்குமின் ஆல்கஹாலில் கரையும். ஜன்னலைத் திறந்து, அடுப்பு, விளக்கு எதுவும் எரியாமல் பார்த்துக்கொண்டு, ஸ்பிரிட் தொட்ட துணியால் அழுத்தி அழுத்தி எடுங்கள். துணியின் மஞ்சளான பக்கத்தைத் திரும்ப வைக்காதீர்கள்.

5. அப்புறம் வெயில். எனக்கு எல்லாவற்றையும்விட இதில்தான் நம்பிக்கை அதிகம். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். உறையைக் கழற்ற முடிந்தால் கறைப் பக்கம் வெயில் படும்படி மொட்டை மாடிக் கொடியில் போடுங்கள். முடியாவிட்டால் மெத்தையையே தூக்கிக்கொண்டு போங்கள். அடர்நிறத் துணி என்றால் அதன் நிறமும் வெளுக்கலாம், அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

குளோரின் பிளீச்சை மட்டும் இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். வினிகரோடு சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். ஸ்பிரிட்டோடும் சேரக்கூடாது.

சோபாவில் எந்தக் கட்டத்திலும் தண்ணீரை ஊற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் ஃபோம் குடித்துவிட்டால் மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நின்று நாற்றமடிக்கும். வேலை முடிந்ததும் ஃபேனைப் போட்டு, கையால் அழுத்தினால் ஈரம் தெரியாமல் போகும்வரை காயவிடுங்கள்.