கரோக்கே ஷிரிதோரிக்கு 'ரு'வில் தொடங்கும் பாட்டுகளைத் தயாராக வைத்திருங்கள்

ஜப்பானியக் கரோக்கே அறைகளில் ஷிரிதோரி என்னும் சொற்சங்கிலி ஆட்டத்தை விளையாடும்போது, ஒருவர் பாடிய பாட்டின் தலைப்பு எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்தில் தொடங்கும் தலைப்புள்ள பாட்டையே அடுத்தவர் பாட வேண்டும். 'ன்' என்று முடியும் தலைப்பைத் தேர்ந்தெடுத்தவர் தோற்றுவிடுவார். பாட்டின் வரிகளுக்கு இதில் வேலையில்லை, தலைப்பு மட்டுமே கணக்கு.

ர, ரி, ரு, ரெ, ரொ என்னும் வரிசையில் தொடங்கும் தலைப்புகள் எளிதில் நினைவுக்கு வராதவை, ஆகவே அத்தகைய பாட்டுகளை முன்கூட்டியே திரட்டி வைப்பது நல்லது. இவற்றுள் மிகக் கடினமானது 'ரு' என்பேன். ஜப்பானிய வினைச்சொற்கள் பல அவ்வெழுத்தில் முடிவதால் தலைப்புகளும் அடிக்கடி அங்கே வந்து நிற்கின்றன. அதில் தொடங்கும் சொற்களோ பெரும்பாலும் பிறமொழிகளிலிருந்து வந்தவை என்பதால் மிகக் குறைவு. தெராவோ அகிரா பாடி 1981இல் வெளிவந்த 'ருபீ நோ யுபிவா', 'வா'வில் முடிவதால் நம்பி எடுக்கத்தக்கது. அராய் யூமியின் 'ரூஜு நோ தெங்கொன்' (1975) அருமையான பாட்டுதான், ஆனால் 'ன்' என்று முடிவதால் ஆட்டத்தை இழக்கச் செய்யும். ஜப்பானியில் 'ரெ'யில் தொடங்குவதாகக் கொள்ளப்படும் யொனெசு கென்ஷியின் 'லெமன்' (2018) பாட்டும் அப்படியே. 'ரி' வந்தால் மிசோரா ஹிபாரியின் 'ரிங்கோ ஒய்வாகெ' (1952) கைகொடுக்கும். அது 'கெ'யில் முடிகிறது.

நெடில் குறியில் முடியும் தலைப்புக்கு எந்த எழுத்தை எடுப்பது, 'க' (ka) எழுத்துக்குப் பதில் அதன் அதிரொலி வடிவத்தை (ga) ஏற்பதா என்பவற்றை முதல் பாட்டுக்கு முன்பே அனைவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.