ஒரு யூரோ நூறு ரூபாயா, பத்து ரூபாயா? வெளிநாட்டுச் செலவை ஊர்ச் செலவோடு ஒப்பிடுவது எப்படி

வேலூரில் காலை நேரத்தில் காந்தி ரோடு, பாபுராவ் தெரு பக்கம் நடந்து பாருங்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் லாட்ஜ் ரூமில் ஒரு அடுப்பை வைத்துச் சமைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தங்கியிருப்பார்கள். வந்து இறங்கியதும் உருளைக்கிழங்கு என்ன விலை, கடுகு எண்ணெய் எங்கே கிடைக்கும், ரூம் வாடகையில் கரண்டும் சேர்த்தியா என்று கேட்பார்கள். ஊரில் கிலோ இருபதுக்கு வாங்கியதை இங்கே முப்பதுக்கு வாங்குகிறோமே என்று அங்கலாய்க்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு, கையில் இருப்பது எத்தனை நாளைக்கு வரும், அவ்வளவுதான் கணக்கு. ஊர் விட்டு ஊர் போய்ச் செலவைக் கணிப்பதில் எனக்குத் தெரிந்து அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. எனக்கு இது புரிய ஜெர்மனி போய் ஒரு வருஷம் ஆனது.

ராணிப்பேட்டையில் தோல் சம்பந்தப்பட்ட வேலையில் இருந்துவிட்டு ஒஃபன்பாக் போனவன் நான். ஃபிராங்ஃபர்ட்டை ஒட்டியிருக்கும் அதுவும் தோலுக்குப் பேர் போன ஊர்தான், தோலுக்கென்று 1917இல் தொடங்கிய அருங்காட்சியகமே இருக்கிறது. போன புதிதில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், எதைப் பார்த்தாலும் நூறால் பெருக்கினேன். முடி வெட்ட 25 யூரோ, அதாவது 2,500 ரூபாய்! வேலூர் சத்துவாச்சாரியில் 120 ரூபாய் கொடுத்து வெட்டிக்கொண்டு, கொசுறாகத் தலைக்கு நாலு தட்டும் வாங்கிக்கொண்டு வந்தவனுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. மூன்று மாதம் வெட்டவே இல்லை. வீடியோ காலில் பார்த்த அம்மா, திருத்தணிக்கு ஏதாவது வேண்டுதலா என்று கேட்டார்.

ஊரில் இருப்பவர்கள் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள். குடியாத்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் மாமா சம்பளத்தை விசாரித்தார். பிடித்தம் போகக் கையில் 2,400 யூரோ வருகிறது என்றேன். “அப்போ ரெண்டு லட்சத்து நாப்பதாயிரமா!” என்றார், பக்கத்து இலைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சம்பளத்தைப் பெருக்கினார், நான் செலவைப் பெருக்கினேன். இரண்டும் தப்பு, ஏனென்றால் அங்கே சம்பாதித்து அங்கேயே செலவழிக்கும் பணம் ரூபாயாக மாறுவதே இல்லை. வங்கி ரேட் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு மட்டும்தான். மற்றதற்கு உங்களுக்கென்று ஒரு சொந்த ரேட் வேண்டும்.

அந்த ரேட்டை எடுக்க ஐந்து நிமிடம் போதும். கையில் வரும் சம்பளத்தை மாதத்தில் உண்மையில் வேலை செய்யும் மணிகளால் வகுக்க வேண்டும். எனக்கு 2,400ஐ 160ஆல் வகுத்தால் மணிக்கு 15 யூரோ, நிமிடத்துக்கு 25 சென்ட். அடுத்து ஊர்ப் பக்கம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், தான் கிளம்பிய வருஷத்துச் சம்பளத்தைப் போடுவார்கள். அது செத்த எண். என் பழைய சீட்டில் இப்போது உட்கார்ந்திருப்பவருக்குக் கையில் எவ்வளவு வருகிறது என்று போன் போட்டுக் கேட்டேன், 30,000 என்றார். வாரம் ஆறு நாள், ஆகமொத்தம் மாதம் 200 மணி. மணிக்கு 150 ரூபாய், நிமிடத்துக்கு இரண்டரை ரூபாய். ஆக அங்கே ஒரு யூரோ சம்பாதிக்க எனக்கு நாலு நிமிடம், இங்கே பத்து ரூபாய் சம்பாதிக்கவும் அதே நாலு நிமிடம். என் சொந்த ரேட், ஒரு யூரோவுக்குப் பத்து ரூபாய்! உங்களுக்கு எட்டு வரலாம், இருபது வரலாம், இங்கே ஐ.டி.யில் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு முப்பதுகூட வரும், அப்படி வந்தால் கிளம்பியது சரிதானா என்று ஒரு தடவை யோசிக்கலாம். இரண்டு பக்கமும் பிடித்தம் போகக் கையில் வருவதையே எடுங்கள். ஜெர்மனியில் வரியோடு மருத்துவக் காப்பீட்டுக்கும் பிடிப்பார்கள், அடிப்படை விகிதம் சம்பளத்தில் 14.6 சதவீதம், அதற்கு மேல் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் கூடுதலும் உண்டு. இதில் பாதியை முதலாளி கட்டுவார். ஆஃபர் லெட்டரில் இருக்கும் பெரிய எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் முதல் மாதமே ஏமாற்றம்தான்.

இனி சாமான்களை இந்த ரேட்டில் பாருங்கள், படமே மாறிவிடும். பால் அங்கே லிட்டர் ஒரு யூரோ பத்து சென்ட், என் ரேட்டில் 11 ரூபாய். இங்கே ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20, லிட்டருக்கு 40. முடிவெட்டு 250 ரூபாய், ஊரில் 120. போன் வாங்கினால் இன்னும் விசேஷம், இங்கே 20,000 ரூபாய் போனுக்கு நான் 133 மணி உழைக்க வேண்டும், அங்கே 220 யூரோவுக்கு 15 மணிகூட ஆகாது. இந்த நாலைந்து எண்களிலேயே ஒரு ஒழுங்கு தெரியும். மெஷினும் லாரியும் கொண்டுவந்து சேர்ப்பது அங்கே மலிவு, இன்னொரு மனிதர் நின்று கையால் செய்து கொடுப்பது அங்கே விலை. முடிவெட்டு, குழாய் ரிப்பேர், சைக்கிள் பஞ்சர், ஓட்டல் சாப்பாடு எல்லாம் இந்த இரண்டாவது வகை. ஊரில் தெருமுனை டீ 15 ரூபாய், அங்கே உட்கார்ந்து குடிக்கும் காபி மூன்று யூரோ, என் ரேட்டில் 30. அதனால் அங்கே போய் நீங்களே பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்வீர்கள். நான் முடிகூட வீட்டிலேயே வெட்டிப் பார்த்தேன், அந்தப் போட்டோக்கள் வேண்டாம்.

அடுத்து கூடை, அதாவது எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. அம்மாவின் மளிகை லிஸ்ட்டை அப்படியே எடுத்துப் போய் அங்கே விலை கேட்டால் அந்த ஊர் கொள்ளைக்கார ஊராகத்தான் தெரியும். முருங்கைக்காய் இந்தியன் கடையில் தங்கம் மாதிரி எடைபோட்டுக் கொடுப்பார்கள். முதல் மாதம் நான் வாங்கியது எல்லாமே அங்கேதான், மளிகைக்கே 380 யூரோ ஆனது. அப்புறம் துருக்கிக் கடை கண்ணில் பட்டது. கொத்தமல்லிக் கட்டு, பச்சை மிளகாய், மைசூர்ப் பருப்பு, நல்ல ஆட்டுக்கறி எல்லாம் அங்கே கிடைக்கும். இட்லிக்கு சூப்பர் மார்க்கெட்டில் பாயசத்துக்கு விற்கும் குட்டை அரிசியை ஊறவைத்தேன், பரவாயில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை. கத்திரிக்காய்க்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை. நம்ம இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள், அதை பிரியாணிக்குத் தொக்கு வைத்துச் சாப்பிட்ட நாக்குக்கு அங்கே கிடைக்கும் ஒரு முழ நீளக் கத்திரிக்காய் வெறும் பஞ்சு. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். இரண்டு ஊரிலும் வாங்குவது ஒன்று. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வாங்குவது இன்னொன்று. அங்கே மட்டும், இல்லை இங்கே மட்டும் இருக்கும் செலவு மூன்றாவது. முதல் பத்தியை மட்டும் விலைக்கு விலை ஒப்பிடலாம். இரண்டாவதை வேளைக்கு வேளை ஒப்பிட வேண்டும், இட்லிக்கு இட்லி, அரிசிக்கு அரிசி இல்லை.

ஒரு பிரியாணிக் கணக்கு சொல்கிறேன். ஞாயிறு அங்கே கடைகள் அநேகமாக மூடியிருக்கும், அதனால் சனிக்கிழமையே கறி வாங்கிவிட வேண்டும். ஒரு கிலோ ஆட்டுக்கறி 15 யூரோ, சீரகச் சம்பா ஒரு கிலோ 4, வெங்காயம் தக்காளி தயிர் எண்ணெய் மசாலா எல்லாம் சேர்த்து 5, மொத்தம் 24 யூரோ, ஆறு பேர் சாப்பிடலாம். தலைக்கு நாலு யூரோ, என் ரேட்டில் 40 ரூபாய், ஆம்பூரில் அந்த விலைக்குக் குஸ்காகூட வராது. அதே பிரியாணியை ஓட்டலில் வாங்கினால் ஒரு பிளேட் 16 யூரோ, நாலு மடங்கு. ஊரில் வீட்டுப் பிரியாணிக்கும் கடைப் பிரியாணிக்கும் இவ்வளவு வித்தியாசம் கிடையாது. அதனால் “அங்கே சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும்?” என்று யாராவது கேட்டால், சமைக்கத் தெரியுமா என்று முதலில் திருப்பிக் கேட்பேன்.

மூன்றாவது பத்தியில்தான் பூதங்கள் இருக்கின்றன. வாடகையில் இரண்டு எண் சொல்வார்கள். வெறும் வீட்டுக்கு ‘குளிர் வாடகை’, ஹீட்டர், தண்ணீர், குப்பைச் செலவு சேர்த்தால் ‘வெந்நிலை வாடகை’. விளம்பரத்தில் எது பெரிய எழுத்தில் இருந்தாலும் நோட்டில் இரண்டாவதை எழுதுங்கள். எனக்கு 650 குளிர், 850 வெந்நிலை. என் ரேட்டில் 8,500, அதுவும் ஒரு ரூம் ஒரு கிச்சன். சத்துவாச்சாரியில் அந்த அளவு வீட்டுக்கு 4,500 சொல்வார்கள், ஆக வாடகை உண்மையிலேயே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. “எங்களுக்குத்தான் சொந்த வீடாச்சே, ஊரில் வாடகையே இல்லையே” என்று பூஜ்யம் போடாதீர்கள். அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன வருமோ அதை எழுதுங்கள். டெபாசிட்டாகக் குளிர் வாடகையில் மூன்று மாதம் வரை வாங்கலாம் என்பது அங்கே சட்டம். தமிழ்நாட்டில் 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டமும் மூன்று மாதம் என்றுதான் சொல்கிறது, நம்ம வீட்டுக்காரர்களிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். டெபாசிட் திரும்பி வரும் பணம், செலவில் சேர்க்காமல் தனியாக எழுதுங்கள்.

அந்த 200 யூரோ ஹீட்டர்-தண்ணீர்ப் பணம் ஒரு உத்தேசம் மட்டுமே, வருஷக் கடைசியில் உண்மைக் கணக்குப் பார்த்து, கூடுதலாக ஆகியிருந்தால் பாக்கியைக் கேட்பார்கள். இது தெரியாமல் முதல் குளிர்காலத்தில் ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டு, சாம்பார் வாசனை போகட்டும் என்று சன்னலையும் சாய்த்துத் திறந்து வைத்திருந்தேன், ஜனவரி முழுக்க. கணக்குத் தாள் வந்தபோது 412 யூரோ பாக்கி. தப்பு முழுக்க என்னுடையது. சன்னலை ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூடிவிட வேண்டும், சாய்த்து வைக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி அப்புறம்தான் சொல்லிக்கொடுத்தார். அதனால் ஒரு மாதத்தை வைத்து ஒப்பிடவே கூடாது. அங்கே குளிர்காலம் எப்படியோ, வேலூருக்கு மே மாதம் அப்படி. கரண்டில் கொஞ்சம் யூனிட் இலவசம் என்றாலும், ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடினால் அந்த இலவசம் எந்த மூலைக்கு? தண்ணீர் லாரிச் செலவும் அப்போதுதான் வரும். பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி வகுங்கள்.

சில்லறைப் பூதங்களையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் டி.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒளிபரப்புக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ உண்டு, கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள், பாக்கி சேர்ந்துகொண்டே போகும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், குளிர்பான டின் மேல் 25 சென்ட் கூடுதலாக வாங்குவார்கள், அது விலையில்லை, நம்ம சோடா பாட்டில் மாதிரி காலியைத் திருப்பிக் கொடுத்தால் கடை மெஷினே பணத்துக்குச் சீட்டு கொடுத்துவிடும். ஆனால் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால் இங்கே நாம் வாங்கும் இருபது லிட்டர் கேன் செலவு அங்கே கிடையாது, அதை வரவுப் பக்கம் எழுதுங்கள். நாடு முழுக்க ஊர் பஸ்ஸிலும் சாதா ரயிலிலும் போக ஒரே மாதச் சீட்டு இருக்கிறது, 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கினார்கள், 2026 ஜனவரியிலிருந்து 63. என் ரேட்டில் 630 ரூபாய், ராணிப்பேட்டைக்கு பைக்கில் போய்வந்த பெட்ரோலில் நாலில் ஒரு பங்கு. அம்மாவை இதில் ஜெயிக்க முடியாது. 2021இலிருந்து அரசு சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நேதாஜி மார்க்கெட்டுக்குப் போய்வர அவருக்குச் செலவு பூஜ்யம்.

இணையத்தில் இரண்டு ஊர் பெயரைப் போட்டால் “இது இத்தனை சதவீதம் விலை அதிகம்” என்று சொல்லும் தளங்கள் இருக்கின்றன. ஒரு அந்தாஜுக்குப் பார்க்கலாம், அதை நம்பி வீடு காலி பண்ணாதீர்கள். அவர்கள் வைத்திருக்கும் கூடை உங்கள் கூடை இல்லை. விலை ஏற்றத்தை அளக்க அரசாங்கங்களும் இப்படி ஒரு கூடை வைத்திருக்கின்றன. 2012ஐ அடிப்படையாக வைத்த இந்திய விலைவாசிக் குறியீட்டில் சாப்பாட்டுக்கும் பானங்களுக்கும் மட்டும் 45.86 சதவீதம் பங்கு கொடுத்திருந்தார்கள், ஜெர்மனியின் குறியீட்டில் அது எட்டில் ஒரு பங்குக்குப் பக்கம்தான், அங்கே பெரிய பங்கு வாடகை மாதிரி வீட்டுக்கான செலவுக்கு. இரண்டு கூடையும் இவ்வளவு வேறாக இருக்கும்போது ஒரே சதவீதத்தில் அடக்கினால், சமைத்துச் சாப்பிடும் ஒண்டிக்கட்டைக்கும் இரண்டு பிள்ளை வைத்திருக்கும் குடும்பத்துக்கும் ஒரே பதில் வரும்.

கடைசியாக மிச்சம். வாடகை, சாப்பாடு, பஸ்-ரயில் சீட்டு, போன், எல்லாம் போக எனக்கு மாதம் 600 யூரோ நிற்கிறது. அதில் அங்கேயே வைத்துக்கொள்வதைப் பத்தால் பெருக்குங்கள், ஊருக்கு அனுப்புவதை நூறால். அனுப்பும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காமல் எந்த ரேட்டில் மாற்றிக் கொடுக்கிறார்கள் என்றும் பாருங்கள், “கட்டணமே இல்லை” என்று சொல்கிறவர்கள் சிலர் ரேட்டில் கிள்ளிவிடுவார்கள். மாமாவுக்கு இப்போது இப்படித்தான் பதில் சொல்கிறேன், செலவழிக்கிற வரைக்கும் இருபத்துநாலாயிரம் சம்பளக்காரன், அனுப்புகிற அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பணக்காரன்.

விலைகளை இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் எழுத வேண்டும். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது தக்காளி, பால், எண்ணெய், கறி நாலையும் கேட்டு எழுதிக்கொள்வேன். அவருக்கும் இந்த ரேட் பழகிவிட்டது. தக்காளி கிலோ இரண்டரை யூரோ என்றால், “இருபத்தஞ்சுதானே, இங்க இன்னிக்கு நாப்பது, ரெண்டு கிலோ சேத்து வாங்கி ஊறுகாய் போடு” என்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை ரேட்டையும் திருப்பிப் போட வேண்டும். போன தீபாவளியோடு என் பழைய வேலையில் இருப்பவருக்கு 33,000 ஆகிவிட்டது, எனக்கு ஒன்றும் ஏறவில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் 10ஐ அடித்துவிட்டு 11 என்று எழுதி வைத்திருக்கிறேன்.