கத்தோலிக்க அலுவலக நண்பர் நம் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால்: முதன்முறை பேசுவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

மண்டபத்திலிருந்து இராமேசுவரம் வரையுள்ள கடற்கரையில் வேலை பார்க்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டண்டு சபை) சபையாருக்கு, அது இறால் ஏற்றுமதி நிறுவனமானாலும் ஐஸ் கம்பெனியானாலும், அடுத்த மேசையில் ஒரு கத்தோலிக்க நண்பர் இருப்பது இயல்பானதே. பல மாதங்கள் சேர்ந்து சாப்பிட்ட பிறகு ஒரு நாள் அவர், "அண்ணே, உங்க கோயில்ல சுரூபமே கிடையாதாமே, அப்ப யாரைப் பார்த்து செபம் பண்ணுவீங்க?" என்று கேட்பார். சுரூபம் என்று அவர் சொல்வது புனிதர்களின் சிலையை. அந்தக் கேள்விக்கு என்ன சொல்வது, எதை அப்போதைக்குச் சொல்லாமல் விடுவது என்று தெரியாமல் தடுமாறும் இளைஞர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் போதகர் அல்லன்; கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். இங்கே எழுதியிருப்பவற்றில் பாதி, தவறாகச் செய்துவிட்டுப் பின்னர் கற்றுக்கொண்டவை.

முதல் படி: கேட்பவர் யார் என்று அறிதல்

உங்கள் நண்பர் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தண்ணீரில் பெற்ற அந்த ஞானஸ்நானத்தை நம் சபை செல்லுபடியானதாக ஏற்கிறது. ஆகையால் அவரிடம் கிறிஸ்துவை அறியாத ஒருவரிடம் பேசுவதுபோல் தொடங்குவது பிழை மட்டுமன்று, அவரைப் புண்படுத்துவதும் ஆகும்.

இந்தக் கரையின் வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542-இல். இயேசு சபைக் குருவான அந்தோனியோ கிரிமினாலி மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் கொல்லப்பட்டது 1549-இல். போர்த்துக்கல் நாட்டில் பிறந்து மறவர் சீமைக்கு வந்த அருளானந்தர் ஓரியூரில் 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று தலை கொடுத்தார். நாம் பெருமையோடு சொல்லும் முதல் புராட்டஸ்டண்டு மிஷனெரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது அதற்கும் 13 ஆண்டுகள் கழித்து, 1706-இல். அருளானந்தரின் இரத்தத்தால் சிவந்தது என்று நம்பப்படும் ஓரியூர்ச் செம்மண்ணைப் பொட்டலமாக மடித்து வீட்டில் வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவரிடம், "நீங்கள் இயேசுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று கேட்பது எப்படி இருக்கும் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: அவருடைய சொற்களைக் கற்றல்

இதைத்தான் எல்லாவற்றிலும் முக்கியமான படியாக நான் கருதுகிறேன். பெரும்பாலானோர் தாண்டிக் குதித்துவிடுவதும் இதையே. தமிழில் நமக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கொள்கை வேறுபாடு தொடங்குவதற்கு முன்பே சொல் வேறுபாடு தொடங்கிவிடுகிறது. நாம் கர்த்தர் என்பதை அவர்கள் ஆண்டவர் என்கிறார்கள். நம் சுவிசேஷம் அவர்களுக்கு நற்செய்தி, பரிசுத்த ஆவி தூய ஆவி, சங்கீதம் திருப்பாடல், உபவாசம் ஒருசந்தி. புத்தகங்களின் பெயர்களும் மாறும்: ஆதியாகமம் தொடக்க நூல் என்றும், யாத்திராகமம் விடுதலைப் பயணம் என்றும், அப்போஸ்தலருடைய நடபடிகள் திருத்தூதர் பணிகள் என்றும் அவர்கள் கையிலுள்ள திருவிவிலியத்தில் இருக்கும். அந்தப் பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தது. அதை உருவாக்கியதில் நம் பக்கத்து அறிஞர்களுக்கும் பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார்.

குறிப்பாக ஒரு சொல்லில் கவனமாக இருங்கள். 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் நம் வேதாகமம் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்றைச் சொல்லும். அவருடைய புத்தகத்தில் அதே மூன்று நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று இருக்கும். அதாவது நமக்கு 'நம்பிக்கை' என்பது வருங்காலத்தைக் குறித்தது. அவருக்கோ அது நாம் விசுவாசம் என்று சொல்வது. இது தெரியாமல், "வெறும் நம்பிக்கை போதாது, விசுவாசம் வேண்டும்" என்று நான் ஒரு முறை முழங்கியபோது, எதிரே இருந்தவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அதே காரணத்தால், "நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்களா?" என்ற நம் வழக்கமான கேள்வியையும் விட்டுவிடுங்கள். "ஞானஸ்நானம் வாங்கியாச்சு, புதுநன்மை வாங்கியாச்சு, உறுதிபூசுதலும் ஆச்சு" என்று அவர் நேர்மையாகப் பதில் சொல்வார். (புதுநன்மை என்பது முதல் நற்கருணை; உறுதிபூசுதல் நம் திடப்படுத்தல்.) நீங்கள் கேட்டது வேறு, அவர் காதில் விழுந்தது வேறு. "ஆண்டவர் உங்கள் வாழ்க்கையில் என்ன செய்திருக்கிறார்?" என்று கேட்டால் இருவரும் ஒரே இடத்தில் நிற்கலாம்.

மூன்றாம் படி: இடமும் நேரமும்

இதற்கு அதிகம் எழுதத் தேவையில்லை. வேலை நேரத்தில் பேசாதீர்கள். கைப்பிரதிகளை மேசையில் வைக்காதீர்கள். அவர் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவராக இருந்தால், அவரே கேட்டாலொழிய நீங்களாகப் பேச்சைத் தொடங்கவே கூடாது, ஏனென்றால் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்திடுபவர் பேசும்போது கேட்பவருக்கு மறுக்கும் சுதந்தரம் இருப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாட்களில் எங்கள் நிறுவனத்தில் வேலை குறைந்துவிடும். எங்கள் நல்ல உரையாடல்கள் எல்லாம் அந்தக் காலத்து மாலைகளில், பாம்பன் பாலத்தைப் பார்த்தபடி தேநீர் குடிக்கும்போது நடந்தவை.

நான்காம் படி: கேட்டதற்கு மட்டும் பதில்

சுரூபத்தைப் பற்றிக் கேட்டவரிடம் போப்பாண்டவர், உத்தரிக்கிற ஸ்தலம் (மரித்தோர் தூய்மையாக்கப்படும் நிலை), ஜெபமாலை எல்லாவற்றையும் கொட்டுவது, ஒரு கிலோ மீன் கேட்டவர் வீட்டில் வலையோடு இறக்கிவைப்பதற்குச் சமம். கேட்டது ஒன்று; சொல்வதும் ஒன்றாக இருக்கட்டும்.

சுரூபத்தைப் பற்றிய கேள்விக்கு, விக்கிரகம் உண்டாக்க வேண்டாம் என்ற யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தின் கட்டளையை நம் சபை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதையும், அதனால் நம் ஆலயத்தில் வெறும் சிலுவையை மட்டும் வைத்திருப்பதையும் சொன்னால் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை. நம்மில் சிலர், நாம் இரண்டாவதாக எண்ணும் இந்தக் கட்டளையைக் குறித்து, "கத்தோலிக்கர் இரண்டாம் கட்டளையை மறைத்துவிட்டார்கள்" என்று சொல்வதுண்டு, அது உண்மையன்று. அவர்கள் அதை முதல் கட்டளையோடு சேர்த்து எண்ணி, இச்சையைப் பற்றிய கடைசிக் கட்டளையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஆதித் திருச்சபை ஆசிரியர் அகுஸ்தினார் காலத்து எண்முறை அது, சீர்திருத்தவாதி லூத்தரும் அதையே பின்பற்றினார். உங்கள் நண்பருடைய விவிலியத்தின் அதே அதிகாரத்தில் அந்த வரிகள் அப்படியே இருக்கின்றன. ஓய்வுநாள் நமக்கு நான்காம் கட்டளை, அவருக்கு மூன்றாவது என்பதும் இதனால்தான்.

மாதாவைப் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். முதல் முறை அது வந்தபோது நான் எட்டு வசனங்களை மனப்பாடமாக அடுக்கினேன். நண்பர் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போனார். நான்கு மாதங்கள் வேலையைத் தவிர வேறெதையும் அவர் என்னிடம் பேசவில்லை. அந்த வாரம்தான் அவருடைய தாயார் மருத்துவமனையில் இருந்தார் என்பதும், ஒவ்வோர் இரவும் நண்பர் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குப் பிறகே தெரிந்தது.

இப்போது நான் செய்வது இது. அவருடைய விவிலியத்திலேயே லூக்கா முதல் அதிகாரத்தைத் திறக்கச் சொல்கிறேன். 'அருள் நிறைந்த மரியே' என்ற அவருடைய செபத்தின் முற்பகுதி அந்த அதிகாரத்தின் 28, 42-ஆம் வசனங்களிலிருந்து வந்தது என்பதைச் சேர்ந்து பார்க்கிறோம். எல்லாத் தலைமுறையினரும் மரியாளைப் பாக்கியவதி என்பார்கள் என்ற 48-ஆம் வசனத்தையும் வாசிக்கிறோம். நம் சபைகளில் அந்த வசனத்தை நாம் போதிய அளவு சொல்வதில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதன்பின், நம் விண்ணப்பத்தை நேரே கிறிஸ்துவிடமே கொண்டுபோகிறோம், 1 தீமோத்தேயு 2:5 சொல்லும் ஒரே மத்தியஸ்தர் அவர் என்பதே அதற்குக் காரணம் என்று சொல்கிறேன். "எனக்காக ஜெபியுங்கள் என்று நீங்கள் என்னிடம் கேட்பதில்லையா? மாதாவிடம் கேட்பதும் அப்படித்தான்" என்று அவர் திருப்பிச் சொல்வார். அது வலுவான பதில். அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, மாதாவுக்குச் செலுத்துவது வணக்கம் என்பதுதான் அவர் திருச்சபையின் போதனையும். மரித்தவர்களோடு பேசும்படி வேதம் நம்மை அழைக்கும் ஓர் இடத்தை நாங்கள் காணவில்லை, ஆகவே அந்த இடத்தில் நின்றுவிடுகிறோம் என்று சொல்லி முடிக்கலாம். வேறுபாடு வேறுபாடாகவே நிற்கும், நட்பும் நிற்கும்.

ஐந்தாம் படி: மாற்கு நற்செய்தியைச் சேர்ந்து வாசித்தல்

கேள்விகள் இரண்டு மூன்று கடந்தபின், "சேர்ந்து வாசிப்போமா?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். மாற்கு 16 அதிகாரங்களே கொண்டது. வாரத்துக்கு ஒன்று என்றால் நான்கு மாதம். வாசிப்பது அவருடைய புத்தகமாக இருக்கட்டும், உங்களுடையதை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடையதில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலிய நூல்களும் சேர்ந்து மொத்தம் 73 இருக்கும், நம்முடையதில் 66. அந்தக் கணக்கை வாசிப்பின் நடுவே எடுக்க வேண்டாம். படகில் தலையணை வைத்து இயேசு தூங்கும் நான்காம் அதிகாரத்துக் காட்சியை இந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கச்சான் காற்றில் சிக்கிய தன் தகப்பனாரின் கதையை அன்று என் நண்பர் சொன்னார். அந்த அதிகாரத்தைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் ஒன்றுகூட அதற்கு ஈடாகாது.

வாசிக்கும் வழியில், மீட்பு செயல்களால் வருகிறதா, விசுவாசத்தால் வருகிறதா என்ற பழைய வழக்கு எழும். அப்போது எபேசியர் 2-ஆம் அதிகாரத்தின் 8, 9-ஆம் வசனங்களோடு நிறுத்திவிடாமல் நற்கிரியைகளைச் சொல்லும் 10-ஆம் வசனத்தையும் வாசியுங்கள். யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தை அவர் எடுத்தால் அதையும் வாசியுங்கள். 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும், நம் தகுதியால் அல்லாமல் கடவுளின் அருளாலேயே நாம் நீதிமான்களாக்கப்படுகிறோம் என்று கூட்டறிக்கையில் கையெழுத்திட்டதைச் சொல்லுங்கள். எல்லா வேறுபாடும் அதோடு தீர்ந்துவிடவில்லை என்றாலும், "உங்கள் சபை செயல்களால் மீட்பு என்று போதிக்கிறது" என்ற பேச்சை அதன்பின் யாரும் எளிதாகச் சொல்ல முடியாது. உங்களுக்குப் பதில் தெரியாத இடத்தில், "எங்கள் ஐயரிடம் (போதகரிடம்) கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, உண்மையாகவே கேட்டு, மறக்காமல் வந்து சொல்லுங்கள்.

ஆறாம் படி: அவருடைய திருவிழாவுக்குப் போதல்

தங்கச்சிமடம் சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்கோ வேர்க்கோடு சூசையப்பர் கோயிலுக்கோ அவர் அழைத்தால் போங்கள். திருப்பலியில் நற்கருணை வாங்க எழுந்து போகாதீர்கள். அவர்கள் ஒழுங்கில் அது கத்தோலிக்கருக்கே உரியது, உட்கார்ந்த இடத்தில் அமைதியாக இருந்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்று சேர்ந்து சொல்லும்போது, ராஜ்யமும் வல்லமையும் என்ற முடிவு வரியை நீங்கள் மட்டும் உரக்கத் தொடர்ந்துவிடாதீர்கள். அந்த வரி அங்கே குருவின் சிறு மன்றாட்டுக்குப் பிறகு வரும். நான் ஒரு முறை தனியாகத் தொடர்ந்து, முன்வரிசைச் சிறுவர்களைச் சிரிக்க வைத்தேன்.

தவக்காலத்தில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகில் போய்வருபவராக இருந்தால், திரும்பி வந்ததும் அங்கே எதற்காக வேண்டிக்கொண்டார் என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கி மீன் சாப்பிடுவதைக் கேலி செய்யாதீர்கள், "எங்க ஊர்ல மீன் சாப்பிடுறது ஒறுத்தலா?" என்ற நகைச்சுவையை அவர்களே நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அவர் உங்கள் ஆராதனைக்கு வர விரும்பினால் வரட்டும். வீட்டாரிடம் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். தம் திருச்சபையிலேயே இருந்துகொண்டு தினமும் நற்செய்தி வாசிப்பவராக அவர் ஆகிவிட்டால், அதையும் நான் குறைவாக எண்ணுவதில்லை. இதில் என்னோடு உடன்படாத நண்பர்கள் எங்கள் சபையிலேயே உண்டு. அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.

ஏழாம் படி: சேர்ந்து ஜெபித்தல்

ஒரு நாள் அவரே, "அண்ணே, அம்மாவுக்காக ஜெபம் பண்ணுங்க" என்பார். வீட்டுக்குப் போய் ஜெபிக்கிறேன் என்று சொல்லாமல், அனுமதி கேட்டு அங்கேயே, இரண்டு மூன்று வாக்கியங்களில் ஜெபியுங்கள். கர்த்தாவே என்பதற்குப் பதில் ஆண்டவரே என்று தொடங்குங்கள். அவருடைய தாயாரின் பெயரைச் சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். அவருக்குப் பிரசங்கம் செய்ய அந்த ஜெபத்தைப் பயன்படுத்தாதீர்கள். ஆமென் சொன்ன பிறகு அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை அடையாளம் வரைவார். அது முடியும் வரை எழுந்துவிடாமல் உட்கார்ந்திருங்கள்.